இடது குச்சி

செங்காங், பன்னிரண்டாம் மாடி.
வெள்ளி இரவு, காற்றாடி மூன்றில்.
எங்கள் ஐவரில் ஒருவரும்
உறைந்த ஏரியைப் பார்த்ததில்லை.
நாங்கள் அறிந்த பனிக்கட்டியெல்லாம்
தே ஓ பெங்கில் மிதந்து கரைகிற சாதி.

நான்தான் எப்போதும் கோலி.
நான்கு வருடமாக அப்படியே ஆகிவிட்டது.
ஃபாட்லியின் கைப்பேசியிலும் என் பெயர் கோலி.
அம்மா அதைப் பார்த்துவிட்டு
முப்பத்தோரு வயசுல கோலிக்குண்டா என்றாள்.

நேற்று ஒரு புதுப்பிப்பு இறங்கியது.
முதல் ஆட்டம். பக் வலப்பக்கம் பாய்கிறது.
என் கட்டைவிரல்
போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது.
அவன் போகவில்லை.
இடது கம்பத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்,
கடைசி ரயிலைத் தவறவிட்டவன் தூணைப் பிடிப்பதுபோல.

முன்பெல்லாம் என் வலதுதான் அவன் வலது.
இனி அவன் எந்தப் பக்கம் பார்க்கிறானோ
அதிலிருந்துதான் வலதாம், இடதாம்.

ஏழுக்குப் பூஜ்யம்.
ஃபாட்லி மெத்தையை எறிந்தான்; மீன்தொட்டி தப்பியது.
கெங் ஹாவ் அமைப்புகளை மூன்று முறை துழாவினான்,
பழையதற்குத் திரும்பும் வழி எங்கும் இல்லை.
பரிதி மனு எழுத உட்கார்ந்தான்:
'ஐயா, கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள்...'
சுகிர்தா மட்டும் முறுக்கு கடித்தபடி சொன்னாள்:
"இப்பதான் சரி.
அவனுக்கும் கண்ணு இருக்குல்ல."

யாரைக் கேட்டு மாத்தினாங்க,
யாரைக் கேட்டு மாத்தினாங்க என்று
ஃபாட்லி கத்தக் கத்த
எனக்கு துவாஸ் ஞாபகம்.

அங்கேயும் குச்சிதான்.
குளிரூட்டிய அறை, ஆறு திரை,
திரைக்குள் தொங்கும் நாற்பதடிப் பெட்டி.
ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை
இறக்கும் பிடியை வலக்கையிலிருந்து
இடக்கைக்கு மாற்றினார்கள்.
இரண்டு மணிநேர விளக்கம், ஆளுக்கொரு கறிபாவ்,
கையெழுத்திட ஒரு தாள்.
கேள்வி இருக்கா என்றார் மேற்பார்வையாளர்.
பதினாறு பேரும் பாவைப் பார்த்தோம்.
கப்பல் காத்திருந்தது.

ஒரு மாதம் தூக்கத்தில் என் கை
போர்வையை மெதுவாக, மெதுவாக
எந்தத் தளத்திலோ இறக்கி வைத்தது.

அதனால்தான் நேற்று
ஃபாட்லியைவிடப் பலமாக நான் கத்தினேன்.
யாரைக் கேட்டு!
பக்கத்து வீட்டு மேடம் இங் சுவரைத் தட்டினார்.
எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.
ஒரு விளையாட்டு, லா, என்றான் கெங் ஹாவ்,
கொஞ்சம் பயந்து.

மணி இரண்டு. பதினோராவது ஆட்டம்.
மனு 'ஐயா'வுக்குப் பிறகு இரண்டு வரியில் நிற்கிறது.
மீண்டும் வலப்பக்கம் வருகிறது பக்.
அவன் முட்டி மடித்துச் சரிந்தான்,
தடுத்தான்.
விரல் கற்றுக்கொண்டதா
தவறிப்போய் சரியாகிவிட்டதா தெரியவில்லை.

இன்னொரு ஆட்டம் போடு என்றேன்.
திங்கள் காலை ஏழுக்கு எனக்கு ஷிஃப்ட்.