இஞ்சின் ஆறும்வரை

கவ்னாஸ் கார்ச் சந்தையில் மைனஸ் ஒன்பது.
விதெனிஸ் சாவியை நீட்டுமுன்
கையுறையைக் கழற்றி
பானெட்டில் உள்ளங்கை வைத்தேன்.
சூடு.

"டீசல் போடப் போயிருந்தேன், பக்கத்தில்தான்."
ஆறட்டும் என்றேன்.
சிரித்தான். நான் சிரிக்கவில்லை.
ரொட்டி ஆலையில் மூன்று குளிர்காலம்
இரவு ஷிப்ட் நின்று சேர்த்த காசு,
இரண்டு மணி நேரம் நிற்காதா?

மீட்டர் ஒரு லட்சத்து முப்பதாயிரம் என்றது.
கிளட்ச் மிதியின் தேய்ந்த ரப்பர்
வேறு கணக்கு வைத்திருந்தது.
பின்கண்ணாடியில்
ஏதோ ஒரு குழந்தை ஒட்டிய ஆமை,
பாதி சுரண்டப்பட்டு.

மதியம் தகரம் சில்லிட்டது.
மஞ்சள் சுருள் விளக்கு அணையக் காத்திருந்து
திருகினேன்.
இருமல்.
மறுபடி இருமல்.
மூன்றாவதில் கரும்புகை கக்கி
எழுந்து உட்கார்ந்தது,
ஷிப்டுக்கு அலாரம் எழுப்பிய
என்னைப் போலவே.

முந்நூறு யூரோ குறைத்தான்.
ரசீதில் அவுஷ்ரினே என்பதைப் பிழையாக எழுதினான்.
திருத்தவில்லை.

பாலத்து ஏற்றத்தில் நின்றுபோனது.
குற்றம் வண்டியுடையதல்ல,
என் இடதுகாலுடையது.
பின்னால் ஹாரன், இன்னொரு ஹாரன்.
"இரு, இரு" என்றேன்
ஸ்டியரிங்கைத் தடவி,
யாரிடமென்று தெரியாமல்.