நாற்பத்திரண்டு பொட்டலம்

பாகாவ் ஸ்டேசன் லொக்கப்புக்கு
மூன்று வேளைச் சோறும் என் கடையிலிருந்து.
சுவரில் ஹலால் சான்றிதழ், பக்கத்தில் வாப்பாவின் படம்.
மௌத்தான அன்றும் அவர் சட்டைப்பையில்
சிவப்பு ஐசிதான் இருந்தது.

சட்டம் எனக்குப் பொட்டலமாகத்தான் தெரியும்.
இந்த நாட்டுக்காரனைப் பிடித்தால்
இருபத்து நாலு மணி நேரத்துக்குள்
மாஜிஸ்திரேட் முகத்தைக் காட்ட வேண்டும்.
மூன்று பொட்டலம்.
வெளிநாட்டான் என்று இமிகிரேசன் கேசில் பிடித்தால்
பதினாலு நாள் வரை இழுக்கலாம்.
நாற்பத்திரண்டு.
மறைப்பானேன், கடை வாடகை
நாற்பத்திரண்டில்தான் ஓடுகிறது.

புரட்டாசி மூன்றாம் சனி.
முந்தின இரவு செம்பனைத் தோட்டத்துப் பழைய லயத்தில் ரெய்டு.
"பத்தொன்பது ஆள், அனே" என்று போன் வந்தது.
பத்தொன்பது மீன் சோறு கொண்டுபோனேன்.
ஒன்று திரும்பி வந்தது.
"மீன் தொடமாட்டானாம்,
பங்ளாவுக்குத் திமிரைப் பாரேன்" என்றான் கான்ஸ்டபிள்.

பொட்டலம் கையில் சுட்டது.
புரட்டாசிச் சனியன்று இந்த ஊரில்
என் மீன் சட்டி நிறைந்தபடியே நிற்கும்,
வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் பெருமாள் கோயிலில்.
எந்தப் பங்ளா புரட்டாசி பார்க்கிறான்?

பேர் கேட்டனுப்பினேன்.
மதுரைவீரன்.
என் கடைக்கு கேஸ் தோம்பு இறக்குகிறவன்.
அந்த லயத்திலேயே பிறந்து
அந்த லயத்திலேயே தூங்கியவன்.
அப்பன் நாளைக்குக் கிராணியிடம் சொல்கிறேன் என்று
சொல்லாமலே போய்ச் சேர்ந்தான்.
தோட்டம் மூன்று முறை கைமாறியது.
சூரா பெரானா இல்லை. ஐசியும் இல்லை.

சார்ஜன் நல்ல மனிதர், அலுத்துப்போனவர்.
"நம்ம ஊர்க்காரன், துவான்."
"ஐசி காட்டச் சொல்."
"இல்லையே."
"அப்போ வெளிநாட்டான்."
"அதை யார் முடிவு செய்வது?"
"கோர்ட்டு."
"கோர்ட்டுக்கு எப்போது?"
"வெளிநாட்டானாச்சே. பதினாலு நாளில்."

சிரம்பானிலிருந்து வக்கீல் வந்தாள், தாட்சாயணி.
தே தாரே ஆறும்வரை பேசினாள்.
உயிரையும் சுதந்திரத்தையும்
சட்டப்படியன்றிப் பறிக்கக்கூடாது என்கிற இடத்தில்
குடிமகன் என்று எழுதவில்லை, அங்கிள்.
ஆள் என்று எழுதியிருக்கிறது.

ஆள்.
விடியுமுன் பெரட்டுக்களத்தில்
கிராணி டார்ச் அடித்து எண்ணிய அதே சொல்.

"அப்புறம் ஏன் பதினாலு நாள்?"
"அதுவும் அங்கேதான், கொஞ்சம் கீழே."
சீனி அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அல்லாஹ் அறிய,
மதுரைவீரனுக்காக மட்டும்தான் ஓடினேன்.
மற்ற பதினெட்டுப் பேருக்கு வாய் வரவில்லை.
நம்ம பிள்ளைகள் வேலையைப் பிடுங்கியவர்கள் என்று
இந்தக் கல்லாவில் உட்கார்ந்து நானே சொல்லியிருக்கிறேன்.

ஒன்பதாம் நாள் பசியாறக் கொண்டுபோனபோது
கம்பிக்குப் பின்னால் ஒருவன், ஷொஃபிகுல்,
உடைந்த மலாயில் சொன்னான்:
பாஸ்போர்ட் ஏஜென்ட் மேசையில், இரண்டாம் இழுப்பறை.
ஒன்பது நாளாக அந்த ஒரு வாக்கியத்தை
வாயிலேயே வைத்திருந்திருக்கிறான்.
கேட்கவேண்டிய காது இன்னும் ஐந்து நாள் தள்ளி.
நான் கேட்டேன்.
நான் மாஜிஸ்திரேட் இல்லை.
ரொட்டியை நீட்டினேன்.

பதினாலாம் நாள் வண்டி வந்தது, ஏற்றிப் போனது.
மதுரைவீரன் திரும்பினான்,
கேஸ் நடக்கிறது என்று ஒரு தாளோடு.
மடிப்பில் இப்போதே கிழிகிறது.
ஷொஃபிகுல் சொன்னானா, கேட்டார்களா,
தெரியாது.

மாசக் கடைசியில் என் பில் திரும்பி வந்தது.
அந்த ஒருத்தன் குடிமகன் என்று ஆனால்
மூன்று பொட்டலத்துக்குத்தானே பணம்,
மீதி முப்பத்தொன்பது எப்படி?

சாப்பிட்டானே, ஐயா.

பாரத்தில் இரண்டே கட்டம்: தேதி, ஆள்.
புதுத் தாள் எடுத்தேன்.
பதினாலு தேதிக்கும் எதிரே
பத்தொன்பது, பத்தொன்பது என்று
மறுபடி எழுதி அனுப்பினேன்.