ஒன்று ஒன்று பன்னிரண்டு

வியாழன் ராத்திரி நண்டு எடை ஏற்றி மூடிவைத்த லேப்டாப்
வெள்ளி காலையில் கண் திறக்கவில்லை.
பட்டனை அமுக்கினேன். மெதுவாக அமுக்கினேன்.
கோபமாக அமுக்கினால் கேட்கும் என்று
நம்புகிறவள் இல்லை நான்,
கோபமாகவும் அமுக்கினேன்.

முதலில் கரண்டைச் சந்தேகப்பட்டேன்,
மண்டபத்தில் அதுதான் முறை.
ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டுதான் இருந்தது.
அதன் பிளக்கைப் பிடுங்கி அதே ஓட்டையில் செருகினேன்.
அடாப்டரில் பச்சை விளக்கு எரிந்தது.
வயரை லேப்டாப்பில் குத்தியதும் அணைந்தது,
உள்ளேயிருந்து யாரோ ஊதிவிட்டது போல.
எடுத்தால் எரியும்.
குத்தினால் அணையும்.
பதினோரு தடவை பார்த்தேன்.

சனிக்கிழமை பட்டுவாடா.
பதினெட்டுப் பெண்கள், நாற்பத்தோரு நாள் எடை,
பெருசு தனி, கால் ஒடிந்தது தனி,
முன்பணம், வட்டி, பிடித்தம்
எல்லாம் அந்தக் கறுப்பு மூடிக்குள்.
நகல் எடுத்துவை என்று மேனேஜர் மார்ச்சில் சொன்னார்.
மார்ச்சில் எனக்கு வேறு வேலை இருந்தது.

ஓசூரிலிருந்து கொழுந்தன் போனில் சொன்னான்:
பேட்டரியைக் கழற்று,
பட்டனை முப்பது எண்ணும்வரை பிடி,
மிச்சக் கரண்ட் வடியட்டும்.
நண்டு எண்ணும் வாயாலேயே எண்ணினேன்,
லாபம், ரெண்டு, மூணு...
முப்பது வந்தது.
லாபமில்லை.

கேம்ப் ஸ்டேஷன் பக்கம் செல்போன் கடை குத்தூஸ்
சாயங்காலம் அடியிலிருந்த பன்னிரண்டு திருகையும் கழற்றி
தேநீர் மூடியில் போட்டார்.
சார்ஜ் ஏறும் வாயைச் சுற்றிப் பச்சைப் பொடி,
கப்பல் அடியில் இருக்குமே, அந்தப் பச்சை.
'மத்த ஊர்ல இது பழுதாகும்' என்றார்,
'நம்ம ஊர்ல துருப்பிடிக்கும்.
ஜன்னலோரம் வச்சீங்களா?'
ஜன்னலோரம்தான் வைத்திருந்தேன்.
காற்று வரும் இடம் அது ஒன்றுதான்.

பழைய பல்துலக்கி, ஸ்பிரிட், ஒரு துளி ஈயம்.
மீட்டர் முள்ளைத் தொட்டுத் தொட்டு
பத்தொன்பது, பத்தொன்பது என்று முணுமுணுத்தார்.
முந்நூற்றைம்பது வாங்கிக்கொண்டு
கடைசியாக ஒன்று சொன்னார்:
'உள்ளே பொத்தான் பேட்டரி செத்திருக்கு.
தேதி மறந்திருக்கும். நீங்களே மாத்திக்கங்க.'

சனி காலை ஏழரைக்குத் திறந்தேன்.
வந்தது.
நண்டுக் கூடை வாடையோடு, விசிறிச் சத்தத்தோடு, வந்தது.
மூலையில் ஒன்று ஒன்று இரண்டாயிரத்துப் பன்னிரண்டு,
ஞாயிற்றுக்கிழமை என்றது.
பட்டுவாடா இல்லாத நாள்.

கணக்கைத் திறந்தால்
வட்டிக் கட்டம் முழுக்கச் சிவப்பு.
எமரிட்டா நாற்பதாயிரம் வாங்கியது
பத்தொன்பது ஆகஸ்ட் இருபது.
மிஷினுக்கு அந்த நாள் இன்னும் வரவில்லை.
இரண்டாயிரத்து எழுநூற்று எண்பத்தெட்டு நாள் பாக்கி.
நூற்றுக்கு இரண்டு வீதம், நான் போட்டுவைத்த அதே சூத்திரம்,
மைனஸ் எழுபத்துநாலாயிரத்து முந்நூற்று நாற்பத்தாறு என்றது.
முதலைக் கழித்தாலும்
முப்பத்துநாலாயிரத்துச் சொச்சம்
கம்பெனி அவளுக்குக் கடன்.
கீழே பொன்னழகிக்கும் மைனஸ்.
ரொசாலிக்கும். கதீஜம்மாளுக்கும்.
பதினெட்டுப் பேருக்கும்.

தேதியின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனேன்.
அமுக்கவில்லை.

வாசலில் கூடையோடு எமரிட்டா.
'ஓடிருச்சா?'
'ஓடிருச்சு.'
'எனக்கு என்ன காட்டுது?'

திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
படிக்கத் தெரியும் அவளுக்கு.
மைனஸ் என்றால் என்னவென்று
எங்களைவிட நன்றாகத் தெரியும்.
விரலை வைத்து ஒருமுறை படித்தாள்.
கண்ணாடியில் ஒரு ஈரப் புள்ளி விழுந்தது, உப்புத் தண்ணி.

'எத்தனை மணிவரைக்கும்?' என்றாள்.

மேனேஜர் வருவது பத்தரைக்கு.
இப்போது மணி என்ன என்று பார்த்தேன்.
மிஷின், பன்னிரண்டு பூஜ்யம் மூன்று,
இப்போதுதான் வருஷம் பிறந்தது என்றது.