அட்டை

மூன்று கதவில் ஒன்று மட்டுமே திறக்கிற
எங்கள் அலுவலகத்துக்கு
காப்புறுதிச் சுற்றுநிருபம்
முதலில் சிங்களத்தில் வந்தது,
பத்தொன்பது நாள் கழித்துத் தமிழில்.

சம்பளச் சிட்டை இல்லாதவர்க்கும் இனி
வெளியில் எடுக்கிற ஸ்கானுக்கு,
வெளியில் வாங்குகிற மருந்துக்கு
அரசே காசு கட்டும்.
வாசித்து முடித்தபோது
தேத்தண்ணியில் ஆடை படிந்திருந்தது.

குருநகரிலிருந்து வந்த முதல் ஆள்
அருட்பிரகாசி.
கையில் பெரியாஸ்பத்திரித் துண்டு:
மிசின் பழுது, வெளியில் எடுக்கவும்.
எழுதியவரின் அவசரம் எழுத்திலும் இருந்தது.
வலது விலாவுக்குக் கீழே
ஏதோ கொளுவி இழுக்கிறதாம்.

தொழில்? என்றேன்.
'அட்டை அவிக்கிறது.'

கடலட்டை.
வயிற்றைக் கீறிக் குடலெடுத்து
அவித்து
மணலில் புதைத்து, தோண்டி,
தோல் போகத் தேய்த்து, மறுபடி அவித்து
உப்பிட்டு உலர்த்தி
தன் வாயில் ஒருநாளும் வைத்திராத ஒன்றை
எந்த நாட்டுக் கலியாண வீட்டுக்கோ அனுப்புகிற வேலை.
கிலோக் கணக்கில் கூலி.
மழையென்றால் அதுவும் இல்லை.

நிரலில் விரல் வைத்துத் தேடினேன்.
'கடலுக்குச் செல்வோர்' என்றிருந்தது.
'நீங்கள் கடலுக்குப் போறனீங்களோ?'
'நான் ஏன் போக?
கடல்தானே ஒவ்வொரு விடியவும்
சாக்கிலை கட்டி என்னட்டை வருது.'

புத்தளத்தில் வளர்ந்த நௌசாத்திடம்
சிங்களப் பிரதியைக் கொடுத்தேன்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தான்:
'கடற்றொழிலைச் சார்ந்தோர் எண்டெல்லே கிடக்கு.'

மொழிபெயர்த்தவர் களைத்திருக்கலாம்.
பின்னேரம் நாலு மணியாக இருந்திருக்கலாம்.
ஒரு சொல் ஒடுங்கியதில்
கரையில் வேலை செய்கிற பெண்கள் அத்தனை பேரும்
கணுக்கால் நனைய
பட்டியலுக்கு வெளியே நின்றார்கள்.

கடிதம் எழுதினேன்.
மாவட்டம் மாகாணத்தைக் கேட்டது.
மாகாணம் கொழும்பைக் கேட்டது.
கொழும்பு, மூலப்பிரதியை அனுப்பச் சொல்லி
எங்களைக் கேட்டது.
பதினொரு கிழமை.

இடையில் ஒருதரம் வந்தாள்,
வெறுங்கழுத்தோடு.
'அடைவு வைச்சு எடுத்திட்டன் தம்பி. கல்லாம்.
ரெண்டு.
புளியங்கொட்டை அளவு.'
கதிரை காட்டினேன், இருக்கவில்லை.
உலை கொதிக்கிற நேரமாம்.

பன்னிரண்டாம் கிழமை வந்தது திருத்தம்.
ஒரே ஒரு வரி.
அந்த வரியால் அந்தக் கரையில் மட்டும்
நூற்றி நாற்பத்தேழு பேர் உள்ளே வந்தார்கள்;
றால் உடைக்கிறவர்கள், நண்டுச் சதை எடுக்கிறவர்கள்,
வலை தெரிகிற ஒரு கிழவரும்.
யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.
ஒரு சொல் திருந்தியதற்கு
எந்த ஊரில் வெடி கொளுத்துவார்கள்?
நௌசாத் ஒரு பைக்கற் மிக்சர் வாங்கி வந்தான்.

நீலமாய், வழுவழுவென்று இருந்தது அவள் அட்டை.
'இதை அவிக்கத் தேவையில்லை என்ன' என்றாள்.
சிரிப்பு விலாவில் பிடித்தது,
பாதியில் நிறுத்தினாள்.

பிறகு கேட்டாள்:
'நான் குடுத்த பதினெண்ணாயிரம்?'

பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.
வழங்கிய நாளிலிருந்து.
எழுத்துக் கூட்டி வாசித்தாள், இரண்டு தரம்.
சங்கிலி முந்தின மாதத்துக்குரியது;
அது அங்கேயே, அடைவுகடை இரும்புப் பெட்டிக்குள்
வட்டியோடு கிடக்கும்.

'சரி. ஒப்பரேசனுக்கு வெளியிலை மருந்து எழுதினா?'
'அதுக்கு இருக்கு.'
'வடிவாத் தெரியுமோ?'
'ஓம்' என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

அட்டையைச் சட்டைக்குள் வைத்தாள்.
உப்பு வாசம் வாசல்வரை போனது,
திறக்கிற ஒரே கதவால்.

பிறகு இரண்டு பிரதியையும் மேசையில் விரித்து
நௌசாத்தைக் கூப்பிட்டேன்.
ஏழாம் பந்தி.
மருந்து என்கிற சொல்லிலிருந்து
மெல்ல, மெல்ல
வாசிக்கச் சொன்னேன்.