நார்மலா, பிரீமியமா?

ஜாபர்கான்பேட்டை பங்க்கில்
இரவு பத்தேகாலுக்கு
அந்தப் பெண் குனிந்து கேட்கிறாள்,
நாளுக்கு இருநூறு முறை கேட்கும் அலுப்போடு:
"நார்மலா, பிரீமியமா?"

ஆறு வருடமாக யோசிக்காமல் சொல்லிவந்தேன்,
பிரீமியம்.
லிட்டருக்கு எட்டு ரூபாய் கூட.
என் வண்டி இரண்டு பேர் ஓட்டிச் சலித்து என்னிடம் வந்தது.
கதவில் ஒட்டு, ஏ.சி.க்கு இருமல்.
டிசம்பர் வெள்ளத்தில், வேளச்சேரியில்,
பானெட்வரை நின்று பிழைத்தது.
காய்ச்சலில் கிடந்து எழுந்தவரைப் பார்க்க
ஆப்பிள் வாங்கிப் போவதில்லையா,
அது மாதிரி.

ரொசாரியோ சிரிப்பான்.
அவன் வண்டி புதுசு, டர்போ.
பச்சை விழுந்தால் ஆட்டோக்களுக்கு முன்னால் பாயும்.
அதற்கு அவன் போடுவது நார்மல்.
"எல்லாம் ஒரே டாங்கர் லாரியில வர்றதுதான், பிலோ.
பேர மாத்தி விக்கிறான்."

கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போதெல்லாம்
அந்த வண்டிக்குள் யாரோ
தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்குவார்கள்.
"டயர்ல கல்லு" என்பான்.
ஒருமுறை, "மெட்ரோ வேல நடக்குதுல்ல."
ஒருமுறை, "உன் வளையல்."
வளையல் போடுவதை நிறுத்தி அப்போது நான்கு மாதம்.

போன ஞாயிறு பரனூர் டோலில்
வண்டிகள் நகரவில்லை.
தலைவலித் தைலம் தேடி டாஷ்போர்டைத் துழாவினேன்.
தைலம் இல்லை.
பிளாஸ்டிக் உறை பிரிக்காத கையேடு இருந்தது.
படிக்க நேரமும் இருந்தது.
இருநூற்றுப் பதினேழாம் பக்கம்:
குறைந்தது தொண்ணூற்றைந்து.

வீட்டுக்கு வந்து என் வண்டியின் கையேட்டையும் எடுத்தேன்.
வெள்ளத்தில் ஊறி, காய்ந்து, அப்பளமாகியிருந்தது.
பிரித்துப் பிரித்துப் பார்த்தால், அதில்
தொண்ணூற்றொன்று போதும்.

ஆக்டேன் என்றால் சத்து என்று நினைத்திருந்தேன்.
இல்லையாம்.
பொறுமையின் அளவாம் அது.
பிஸ்டன் மேலேறி மேலேறி நெருக்க,
ஒதுங்க இடமில்லாமல், சூடேறி,
பிளக் பொறி வைக்கும்வரை
பற்றிக்கொள்ளாமல் இருப்பது.
அதிகம் நெருக்காத எஞ்சினுக்கு
அதிகப் பொறுமையை வாங்கி ஊற்றினால்
அது கண்டுகொள்வதுகூட இல்லை.
நெருக்குகிற எஞ்சினுக்குக் குறைத்து ஊற்றினால்
பொறியை முந்திக்கொண்டு
ஏதோ ஒரு மூலை வெடிக்கும்.
அந்தக் கோலிக்குண்டு.

அன்றிரவு பாத்திரம் கழுவியபடி
வீட்டில் யார் எத்தனை ஆக்டேன் என்று கணக்குப் போட்டேன்.
என் மாமியாருக்கு எண்பது.
ரொசாரியோ, லோன் தேதி நெருங்காத நாட்களில், தொண்ணூறு.
என்னுடையது வரும்போது
பால் பொங்கிவிட்டது.

அவனிடம் சொல்லவில்லை.
சொன்னால் வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ ஒன்றைக் காட்டுவான்.
"என் வண்டிக்குக் குறுக்க தண்ணி லாரி நிக்குது"
என்று ஒரு பொய் சொல்லி
அவன் சாவியை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"பிரீமியம்" என்கிறேன்,
முதல்முறையாக யோசித்து.
"ஜீரோ பாத்துக்கங்க."
பார்க்கிறேன்.
பாதி டாங்க் பழையது, பாதி புதுசு.
இன்றைக்குத் தொண்ணூற்று மூன்று இருக்கும்.
அடுத்த முறை இன்னும் கொஞ்சம் ஏறும்.

நாளை என் வண்டியையும் இதே வரிசையில் நிறுத்துவேன்.
நார்மல் என்று சொல்லும்போது
குரல் தானாகத் தாழும்.
அதன் காதில் விழக்கூடாது பாருங்கள்.

மூன்றாவது வாரம், கத்திப்பாரா.
ஏறுகிறோம்.
"ரோடு புதுசாப் போட்டிருக்கான் போல" என்கிறான்.
ஆமாம் என்கிறேன்.
அன்றைக்குக் கை நிறைய வளையல் போட்டிருந்தேன்.
அது மட்டும் கேட்டது.