ஐந்தாம் மதகு, எட்டு நிமிடம்

மீட்டர் நாற்பது நொடி என்றது.
நான் நம்பவில்லை.
இருட்டில் ஃபிலிம் ஓட்டைக் குடம்.
குழாய் கொட்டினால் நிரம்பும்,
சொட்டினால்
ஒழுகியது போக மிச்சம்தான்.
டப்பாவோடு வந்த அட்டவணையில் ஏழே முக்கால் நிமிடம்.
மேலே கால் நிமிடம் என் பயத்துக்கு.

கே.ஆர்.பி. அணைக்குக் கீழே, ஐப்பசி,
மூன்று மதகு திறந்த இரவு.
காலின் கீழ் தரை மெல்ல அதிர
முக்காலியின் மூன்று காலுக்கும்
பழைய சைக்கிள் ட்யூப் கட்டியிருந்தேன்.
கேபிளின் நுனியில் கட்டைவிரல்.
ரேடியம் முள்ளில் இரண்டு நிமிடம் போனபோது
டார்ச்சோடு வந்தார் லஸ்கர் திம்மராயன்.

‘போட்டோவா? ஃபிளாஷே அடிக்கல?’
‘அடிக்காதுங்க. எடுத்துக்கிட்டுதான் இருக்கு.’
‘இப்பவா?’
டார்ச்சை அணைத்தார்.
மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு
விளக்குக் கம்பத்தடியில் போய் நின்றார்,
யாரோ ‘ரெடி’ சொல்லப்போகிற மாதிரி.

யாரும் சொல்லவில்லை.
ஆறு நிமிடம் நீளம்.
முதல் நிமிடம் மூச்சைப் பிடித்தார்.
பிறகு ஒரு பீடி பற்றவைத்தார்.
பர்கூரில் படிக்கும் மகள்,
ஐந்தாம் மதகின் ரப்பர் போன கதை,
தண்ணீர்ச் சத்தம் மாறினால் தூக்கத்திலும் தெரியும் என்பது.
பாதி என் காதுக்கு வந்தது
மீதியை ஆறு கொண்டுபோனது.

அறைக்குத் திரும்பும்போது
அணை முகப்பில் மீன் வறுக்கிற கடையில்
ஐஸ் கேட்டேன். ‘மீன் வேணாமா?’ ‘ஐஸ் மட்டும்.’
மாடித் தொட்டித் தண்ணீர் இருபத்தெட்டு டிகிரி.
மாங்கூழ் ஆலையின் தெர்மாமீட்டர் இது,
சீசன் முடிந்தும் திருப்பித் தராதது.
ஜிலேபி மீன் வாசத்தோடு
இருபதுக்கு இறங்கியது டெவலப்பர்.

கறுப்புப் பைக்குள் இரு கையும் முழங்கை வரை.
சுருளை விரல் மட்டும் பார்க்கிறது.
எங்கோ சிக்குகிறது, பின்வாங்கி
மறுபடி ஊட்டுகிறேன்.
வியர்வை மூக்கு நுனியில் நிற்கிறது,
துடைக்கக் கை இல்லை.

நீண்ட நேரம் திறந்து வைத்ததைக்
குறைத்துத்தான் கழுவ வேண்டும்.
நிழல் ஏற்கெனவே பட்டினி,
விளக்கோ தின்று தீர்த்திருக்கும்.
வழக்கமான நேரம் வைத்தால்
பால் மாதிரிப் பொங்கி
கம்பம், சுவர், மதகு எல்லாம் அதனடியில் போய்விடும்.
பத்து நிமிடத்தை ஏழரையாக்கினேன்.
நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரே ஒருமுறை, கவிழ்த்து நிமிர்த்தினேன்.
கை துறுதுறுத்தது. இன்னொரு முறை ஆட்டினால் என்ன?
ஆட்டவில்லை.
வினிகர். ஹைப்போ.
குளியலறைக் கொடியில்
துண்டுக்கும் பாவாடைக்கும் நடுவே தொங்கியது அன்றைய இரவு.

விளக்கு பொங்கவில்லை.
விழுகிற தண்ணீர் சீப்பிட்ட முடி.
திம்மராயன் நின்ற இடத்தில்
ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, வார் கூடத் தெளிவாக,
அதற்குள் பாதங்கள்.
முட்டி புகை.
வயிறு இருக்க வேண்டிய இடத்தில்
அவர் வருவதற்கு முந்தைய சுவர்.
அதற்கும் மேலே ஆள் இல்லை.
இடுப்பிலிருந்து வாய்க்கும் வாயிலிருந்து இடுப்புக்கும்
பீடி மட்டும் போய் வந்திருக்கிறது
பதினொரு கோடுகளாய்.

பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன்.
வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.
‘என்னைக் காணோமே.’
பிறகு செருப்பைக் கண்டுபிடித்தார்.
‘கால் மட்டும் டூட்டி பாத்திருக்கு.’
பிறகு கோடுகளை விரலால் எண்ணினார்,
நிறுத்தினார்.
‘ஆடியிலயே விட்டுட்டேன்னு வீட்ல சொல்லியிருக்கேன், மேடம்.’

வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.
மதகுப் பதிவேட்டைத் திறந்து
அன்றைய தேதிப் பக்கத்தில் செருகினார்.
மதகு 3, 4, 5. இரவு 10.40. கையொப்பம்.
ஏட்டை மூடிவிட்டு
கொஞ்ச நேரம் தண்ணீரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

‘அடுத்த வாட்டி
உக்காந்துக்கறேன்.’