புல் ஊறிய தண்ணீர்

மாப்பிள்ளை ஏறி இறங்குவதற்குள்
ஜாங்கிரி நாலு, கேக்கில் ஒரு மூலை,
சின்னப் பெண்களின் உள்ளங்கையில் சீனி.
சாமரம் எல்லாம் தின்றது.
நானும் சிரித்துக்கொண்டுதான்
கடிவாளம் பிடித்திருந்தேன்.

இப்போது புக்கிட் ரோத்தானில்
செம்பனை ஆலைக்குப் பின்னால், தகரக் கொட்டகையில்,
முன்னங்கால்களை நீட்டி
பாரத்தையெல்லாம் பின்னுக்குத் தள்ளி நிற்கிறது,
தீமிதிக்குப் பாதியில் நின்றுவிட்டவர் போல.

டாக்டர் ஹஸ்லினா என் விரல்களைப் பிடித்து
குளம்புக்குச் சற்று மேலே வைத்தார்.
தோலுக்கடியில் யாரோ
அவசரமாகக் கதவு தட்டினார்கள்.
குளம்பு, அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி.
பிடரியடிக் கொழுப்பு கல்லாய் விறைத்திருந்தது.
மிடுக்கு என்று இரண்டு வருஷம்
அதைத்தான் தடவிக்கொடுத்திருக்கிறேன்.

எக்ஸ்ரேயில், உள்ளே எலும்பு
ஆறு டிகிரி சாய்ந்திருந்தது.

“குதிரைக்குமா இனிப்புநீர்?”
லோரிக்கார பரஞ்சோதி சிரித்தான்.
கிட்டத்தட்ட, என்றேன்.
அவன் கையில் ஐஸ் மைலோ.

காய்ந்த புல்லை ஒரு மணி நேரம் ஊறவைத்து
பழுப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு
தராசில் நிறுத்துப் போடுகிறேன்.
மழைக்குப் பின் தளிர்க்கும் பச்சையில் விடாதே என்றார்.
இந்த ஊரில் எந்த நாள்
மழைக்குப் பின் இல்லை?
முதல் மூன்று இரவும் பசார் மீன்கடை ஐஸ்,
இரண்டு வாளி, இரண்டு கால்,
நடுவில் பிளாஸ்டிக் முக்காலியில் நான்.
சாமரத்தின் மேலெல்லாம் கெளுத்தி வாடை.

கிள்ளானிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா:
“வலி ஊசி போட்டா நடக்கும்தானேம்மா?
ஒரே ஒரு மணி நேரம்.”
நடக்கும்.
அதுதான் பயம் என்றேன்.
முன்பணம் ஆயிரத்து இருநூறு
ஏற்கனவே புல்லாகவும் லாடக்காரன் கூலியாகவும்
போய்விட்டிருந்தது.
ஜரிகைச் சேணத்தை ஈப்போக்காரி ஒருத்திக்கு விற்றேன்.
பேரம் பேசினாள். விட்டுக்கொடுத்தேன்.

ஏழாவது வாரம்.
முனை சீவிய குளம்பில்
பழைய காய்ச்சல்கள் வளையம் வளையமாய்.
இரண்டு விரல் வைத்துத் தேடுகிறேன்,
இன்னும் தேடுகிறேன்,
துடிப்பு எங்கோ தூரத்தில்
யார் வீட்டையோ தட்டுகிறது.

சாமரம் வாய்க்கூட்டோடு
காலி வாளியை உதைத்து உருட்டுகிறது. பசி.
கோபத்தில் உதைத்த கால்,
வலது முன்னங்கால்.

கால்வாய் ஓரம், நான் கொட்டிய தண்ணீரில்,
வரிசை கட்டி எறும்புகள்.